மாதிரி ரயில் பாதைக்குக் குறைந்த செலவில் ஜல்லி: எந்த மணல், எந்தச் சல்லடை?

அகலப்பாதை (கேள்வி)

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். எட்டடிக்கு நாலடிப் பலகையில், 1:87 அளவில், இரண்டு நடைமேடைகள் கொண்ட சிறிய நிலையம் ஒன்றை அமைத்து வருகிறேன். பாதையின் மொத்த நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். தண்டவாளம் பதித்து மின்னிணைப்பும் கொடுத்தாகிவிட்டது. வண்டி தடையின்றி ஓடுகிறது. இனி ஸ்லீப்பர் கட்டைகளுக்கு இடையே ஜல்லி நிரப்ப வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் ஜல்லிப் பொட்டலங்களை இவ்வளவு நீளத்துக்கும் வாங்குவது என் கைக்கு மீறிய செலவு.

ஆற்று மணல், கடற்கரை மணல், ரவை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆற்று மணலை ஒரு சாண் நீளத்துக்குத் தூவிப் பார்த்தேன். வாய்க்கால் கரையில் பாதை போட்டதுபோல இருந்ததே தவிர, ஜல்லி கொட்டியதுபோல இல்லை. நிறம்தான் காரணமா, வேறு ஏதேனுமா? எளிதில் கிடைக்கும் பொருள் எது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மீட்டர்கேஜ்

வணக்கம். நிறத்தைவிட வடிவமே முதற்காரணம். ஆற்று மணல் நீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. ரயில்வே ஜல்லியோ பாறையை உடைத்து எடுப்பது, ஒவ்வொரு கல்லிலும் கூரான விளிம்பு இருக்கும். அந்த விளிம்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால்தான் உண்மைப் பாதையே அசையாமல் நிற்கிறது. சிறிய அளவிலும் கண் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிடும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது உடைத்த கல். அது கட்டட வேலை நடக்கும் எந்தத் தெருவிலும் குவிந்து கிடக்கிறது: பாறையை எந்திரத்தில் உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணல். பூச்சு வேலைக்கான பி-சாண்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் பெருங்கற்கள் குறைவு என்பதால் கழிவும் குறையும். கேட்டால் ஒரு சட்டி மணலை மேஸ்திரிகள் மறுப்பதில்லை.

அளவுக்குக் கணக்கு இருக்கிறது. நம் ரயில்வேயில் பயன்படும் ஜல்லி பெரும்பாலும் 65 மி.மீ.க்கும் 20 மி.மீ.க்கும் இடைப்பட்டது. அதை 87ஆல் வகுத்தால் சுமார் 0.75 முதல் 0.23 மி.மீ. வரும். கட்டுமான ஆய்வகங்களில் மணல் சலிக்கும் 600 மைக்ரான் சல்லடையில் இறங்கி, 300 மைக்ரான் சல்லடையில் தங்குவதை எடுத்துக்கொண்டால், அது 52 முதல் 26 மி.மீ. வரையிலான உண்மைக் கல்லுக்குச் சமம். 1:160 அளவில் கட்டுபவர்கள் 300இல் இறங்கி 150இல் தங்குவதை எடுக்க வேண்டும்.

ஆய்வகச் சல்லடை கிடைக்காவிட்டால் சமையலறைச் சல்லடையின் மீது அளவுகோலை வைத்துத் துளைகளை எண்ணுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்துத் துளை இருந்தால், கம்பியின் தடிமன் போக, ஒவ்வொரு துளையும் 0.6 மி.மீ.க்கு அருகில் இருக்கும். அது மேல் சல்லடை. கீழ்ச் சல்லடைக்கு ஏறத்தாழ இருபது துளை வேண்டும். இரண்டு சல்லடையும் அவசியம். பெரிய கல்லை மட்டும் நீக்கிவிட்டு மாவை அப்படியே விட்டால், பசை ஊற்றியதும் அது சிமெண்டுப் பூச்சுப்போல இறுகிக் கற்களை மூடிவிடும்.

சலித்த பிறகு வாளியில் கொட்டி, கலங்கல் நீங்கித் தெளிந்த நீர் வரும்வரை கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்துங்கள். மீட்டருக்கு 150 கிராம் என்று வைத்தாலும் உங்களுக்கு இரண்டு கிலோ போதும். அதற்கு எட்டுப் பத்துக் கிலோவாவது சலிக்க நேரிடும்.

கைகாட்டி

மேலே நண்பர் சொன்னது முழுவதும் சரி. இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

ரவை வேண்டவே வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் சாயமேற்றிய ரவையை நான் பயன்படுத்தினேன். பார்வைக்கு அழகாகவே இருந்தது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வண்டு வைத்து, பாதையை முழுவதும் பெயர்க்க வேண்டியதாயிற்று. கடற்கரை மணலில் உப்பும் ஈரமும் தங்கும். அதிலுள்ள கரும்பொடியில் காந்தத்தால் ஈர்க்கப்படும் தாதுக்களும் உண்டு. எஞ்சின் மோட்டாரில் காந்தம் இருப்பதால் அந்தத் துகள்கள் நேராக உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும்.

எம்-சாண்டும் இதற்கு முழு விலக்கன்று. உலர்ந்த மணலைத் தட்டில் பரப்பி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காந்தத்தை அதன்மேல் மெல்ல இழுங்கள். உறையின் அடியில் மீசைபோலக் கரும்பொடி தொங்கும். உறையை உருவினால் அது தனியே உதிர்ந்துவிடும். எதுவும் ஒட்டாத வரை மூன்று நான்கு முறை செய்யுங்கள்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் ஒரு பங்கு, நீர் இரண்டு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு. பசை விடுவதற்கு முன், தூரிகையால் சீராக்கிய ஜல்லியை, சர்ஜிக்கல் ஸ்பிரிட் கலந்த நீரைப் பனித்துளிபோலத் தெளித்து நனைக்க வேண்டும். காய்ந்த ஜல்லியில் பசை இறங்காது. முத்துமுத்தாக உருண்டு, விழுந்த இடத்தில் குழி பறிக்கும். ஊசி நீக்கிய சிரிஞ்சால், தண்டவாளங்களுக்கு நடுவிலிருந்து தொடங்கிச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தண்டவாளத்தின் மேற்பரப்பை உடனே துடைத்துவிடுங்கள்.

அகலப்பாதை

இருவருக்கும் மிக்க நன்றி. பி-சாண்ட் சலித்து, உதிரியாகக் கிடந்த ஒரு துண்டுப் பாதையில் செய்து பார்த்தேன். கற்கள் பிடித்து நிற்கின்றன. விரலால் தேய்த்தாலும் உதிரவில்லை. இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன: காய்ந்த பிறகும் நிறம் சற்றுக் கருத்தே இருக்கிறது; ஒரு பாதையிலிருந்து இன்னொன்று பிரியும் பாயிண்ட் உள்ள இடத்தில் என்ன செய்வது?

மீட்டர்கேஜ்

பசை பட்ட கல் சற்றுக் கருப்பது இயல்பே. வெளிர்ந்த கல்லாகத் தேர்ந்தெடுத்து, துண்டுப் பாதையில் காயவைத்துப் பார்த்த பிறகே நிறத்தை முடிவு செய்யுங்கள். நிலையத்துக்குள் வண்டிகள் பிரேக் போட்டு நிற்கும் இடத்தில் உண்மை ஜல்லியே துருப்பொடி படிந்து பழுப்பாகத்தான் இருக்கும். எனவே நடைமேடை ஓரத்தில் அந்தக் கருமை உங்களுக்குச் சாதகமே.

பாயிண்டில் சிரிஞ்சைத் தொடவே வேண்டாம். வண்டியை இப்பாதைக்கோ அப்பாதைக்கோ திருப்ப நகரும் தண்டவாள நாக்குகளுக்குக் கீழே பலகைக்குச் சாம்பல் வண்ணம் மட்டும் பூசுங்கள். சுற்றிலும் கெட்டியான பசையைத் தூரிகையால் தடவி, அதன்மேல் ஜல்லியைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, காயும்வரை அரைமணிக்கு ஒரு முறை நாக்குகளை இருபுறமும் நகர்த்திக்கொண்டே இருங்கள். ஒருவேளை ஒட்டிக்கொண்டாலும் அஞ்ச வேண்டாம். வெதுவெதுப்பான நீர் விட்டுச் சிறிது நேரம் ஊறவிட்டால் இந்தப் பசை இளகிவிடும்.