3000-வது ஹிட்டா, முதல் ஹிட்டா? பைரேட்ஸ் பற்றிப் பேச ஒரு யோசனை வேண்டும்

லெனேசியாக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்பில் மாதம் ஒரு பெற்றோர் பிள்ளைகளிடம் "மறக்க முடியாத ஆட்டம்" என்று பேசுகிறோம். இந்த மாதம் என் முறை. 2006-ல் வாண்டரர்ஸில் தென்னாப்பிரிக்கா ஆஸ்திரேலியாவின் 434-ஐத் துரத்தி 438 அடித்த கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். நான் பேஸ்பால் பேசப்போகிறேன்.

நான் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகன். ஜோபர்க்கில் (ஜோகன்னஸ்பர்க்) பைரேட்ஸ் என்றாலே ஓர்லாண்டோ பைரேட்ஸ் கால்பந்து அணிதான். என் தொப்பியின் கறுப்பும் மஞ்சளும் அவர்களின் பரம எதிரியான கைசர் சீஃப்ஸின் நிறம் வேறு. டாக்ஸியில் ஏறினால் யாராவது விசாரிக்காமல் விடுவதில்லை.

இந்த அணி எனக்கு எப்படி வந்தது என்றால், 2008. உத்தரப்பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு பையன்களை ஒரு டிவி போட்டி வழியாகக் கண்டுபிடித்து பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டில் அதே அணி நம் ராண்ட்பர்க் பையன் கிஃப்ட் என்கோபேயையும் எடுத்தது. நான் பிறந்த நாட்டிலிருந்து இரண்டு பேர், பிழைக்க வந்த ஊரிலிருந்து ஒருவர். அன்றிலிருந்து வேறு அணியைத் திரும்பிப் பார்த்ததில்லை.

என் குழப்பம் இதுதான். மைல்கல் என்றால் பழைய பைரேட்ஸ் நட்சத்திரம் ரொபெர்ட்டோ கிளெமென்டேயின் 3000-வது ஹிட்டைச் சொல்ல வேண்டும். (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்ச் சேர்வதுதான் ஹிட்.) 1972 செப்டம்பர் 30. அந்த சீசனின் வழக்கமான லீக் ஆட்டங்களில் அதற்குமேல் அவர் ஹிட் எடுக்கவில்லை. டிசம்பர் 31 அன்று நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு போன விமானம் கடலில் விழுந்து இறந்துபோனார். கணக்கு சரியாக 3000-லேயே நின்றுவிட்டது. இன்றும் பைரேட்ஸின் சொந்த மைதானமான பிஎன்சி பார்க்கின் வலது பக்கச் சுவர் 21 அடி உயரம். அவர் சட்டை எண் 21.

ஆனால் என் மனது என்கோபேயின் முதல் ஹிட்டிடம்தான் போகிறது. ராண்ட்பர்க் மெட்ஸ் கிளப்பில் அவர் அம்மா வேலை பார்த்தார். கிளப் கட்டடத்திலேயே ஓர் அறையில் குடியிருந்தார்கள். கதவைத் திறந்தால் மைதானம். அங்கிருந்து போய் கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீகில் ஊர் ஊராகப் பல வருஷம். 2013-ல் அம்மா தவறிவிட்டார். 2017 ஏப்ரல் 26-ம் தேதிதான் உச்சத்திலிருக்கும் மேஜர் லீகில் கால் வைத்தார், ஆப்பிரிக்காவில் பிறந்த முதல் ஆட்டக்காரராக.

மறுநாள் இங்கே விடுமுறை என்பதால் நான் விழித்திருந்து பார்த்தேன். நான்காவது இன்னிங்ஸில் உள்ளே வந்தார். கேட்சர் செர்வெல்லி நடந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டார். அடுத்து பேட்டிங். எதிரே ஜான் லெஸ்டர். முந்தின ஆண்டுதான் கப்ஸ் அணியோடு 108 ஆண்டுக் காத்திருப்பை முடித்து வேர்ல்ட் சீரிஸ் என்ற சாம்பியன் பட்டத்தை வென்ற பிட்ச்சர் (பந்து எறிபவர்). என்கோபே அடித்த பந்து நடுவே புகுந்து சென்டர் ஃபீல்டுக்குப் போனது. முதல் முறை மட்டை பிடித்தபோதே ஹிட். வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

எதைச் சொல்லட்டும்? பிள்ளைகளுக்குப் பத்திலிருந்து பதினான்கு வயது.

ப்ரிட்டோரியா பையன்:

அண்ணா, இரண்டும் வேண்டாம். 2013 அக்டோபர் 1-ல் பைரேட்ஸ் ஆடிய நாக்-அவுட் ஆட்டத்தைச் சொல்லுங்கள். 1993 முதல் 2012 வரை 20 சீசன் தொடர்ந்து வெற்றியைவிடத் தோல்வி அதிகம். அத்தனையும் தாங்கிய ஊர் கறுப்புச் சட்டையில் வந்து உட்கார்ந்து எதிரணி பிட்ச்சர் பெயரை "குவெட்டோ... குவெட்டோ..." என்று இழுத்து இழுத்துக் கத்துகிறது. அவர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுகிறது. அடுத்த பந்தே நம் ரசல் மார்ட்டின் ஹோம் ரன், கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி! சின்னப் பிள்ளைகளையும் அதே மாதிரி கத்த வையுங்கள், வகுப்பே அதிரும்.

மாரிட்ஸ்பர்க் வாசி:

பேஸ்பால் எனக்குச் சுத்தமாகத் தெரியாது, ஒரு சந்தேகம். ஆட்டம் பாதியில் இருக்கும்போது புது ஆள் எப்படி வந்தார்? யாருக்காவது காயமா?

முதல் என்பதற்குத் தனி மதிப்பு உண்டு என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நம் டர்பன் பையன் செனுரான் முத்துசாமி 2019-ல் விசாகப்பட்டினத்தில் டெஸ்டில் இறங்கினார். முதல் விக்கெட்டே கோலி, தானே போட்டுத் தானே பிடித்தார். அதற்குப் பிறகு அவர் எடுத்த விக்கெட் எதுவும் எனக்கு நினைவில்லை. அந்தக் கேட்ச் மட்டும் அப்படியே கண்ணில் இருக்கிறது.

லெனேசியாக்காரன்:

காயம் இல்லைங்க. மேஜர் லீகுக்குள் இரண்டு லீக் உண்டு. அப்போது பைரேட்ஸ் ஆடும் நேஷனல் லீகில் பிட்ச்சரும் பேட் பிடித்தாக வேண்டும். பிட்ச்சரை மாற்றும்போது கூடவே இன்னொரு ஆட்டக்காரரையும் மாற்றி, பேட்டிங் வரிசையில் இரண்டு பேரின் இடத்தையும் புரட்டிப் போட்டுவிடுவார்கள். பிட்ச்சரின் முறை தள்ளிப்போகும், நல்ல பேட்ஸ்மேன் முன்னால் வருவார். டபுள் ஸ்விட்ச் என்பார்கள். இப்போது இரண்டு லீகிலும் பிட்ச்சருக்குப் பதிலாக அடிக்கத் தனி ஆள் இருப்பதால் அந்த வித்தைக்கு அவ்வளவாக வேலை இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

தம்பி, குவெட்டோ ஆட்டம் எனக்கும் உயிர். ஆனால் அதை ரசிக்க அந்த 20 வருஷத் தோல்வியை முதலில் உணர வைக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது கஷ்டம் இல்லையா?

சாட்ஸ்வொர்த் அக்கா:

தம்பி, விடுமுறை என்று ஒரு வார்த்தையில் தாண்டிப் போய்விட்டீர்களே. அமெரிக்காவில் ஏப்ரல் 26 ராத்திரி என்றால் நமக்கு 27 விடிகாலை. ஃப்ரீடம் டே! இந்த நாட்டில் எல்லா இனத்தாரும் சேர்ந்து முதன்முதலாக ஓட்டுப் போட்ட நாள்.

1984-ல் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு சபையை வைத்து ஓட்டுப் போடக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் ஒருத்தரும் போகவில்லை. அப்பா வாசல்படியைத் தாண்ட விடவில்லை. 1994 ஏப்ரல் 27-ல் அதே அப்பா விடியும் முன்னே சட்டை இஸ்திரி போட்டு எல்லாரையும் எழுப்பினார். வரிசை ரோடு முனை வரைக்கும். என் அம்மாவுக்குக் கால் வீங்கிப்போனது, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கிங்ஸ்மீடில் கிரிக்கெட் பார்க்கக்கூட எங்களுக்குத் தனி மூலைதான் ஒதுக்கியிருந்த காலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள்.

அந்த நாளில்தான் கிளப் அறையில் வளர்ந்த பிள்ளை அங்கே போய் அடித்திருக்கிறான். பேஸ்பால் எனக்கும் தெரியாது. ஆனால் இந்தக் கதையை இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வீர்கள்?

லெனேசியாக்காரன்:

அக்கா, தேதியை இப்படி நான் யோசிக்கவே இல்லை. இனி மாற்றமில்லை, என்கோபேதான். கிளெமென்டேயை நடுவில் கொண்டுவருகிறேன். அந்த 21 அடிச் சுவர் இருக்கும் மைதானத்தில்தானே இந்த ஹிட்டும் விழுந்தது.

நீங்கள் ஜூமில் சேர்ந்து 94 வரிசையைப் பற்றி உங்கள் வாயால் சொல்ல முடியுமா? ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்பு. முடியும் என்றால் லிங்க் அனுப்புகிறேன்.