கட்டபொம்மன் ஒத்திகைக்கே வருவதில்லை

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளி ஆண்டு விழா. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கட்டபொம்மன் நாடகம் போடுகிறார்கள். கட்டபொம்மனாக நடிப்பவன்தான் தலைவலி. ஒத்திகை நேரத்தில் கபடி மைதானத்தில் இருப்பான். வந்தாலும், இராமநாதபுரத்தில் ஜாக்சன் துரையைச் சந்திக்கும் காட்சியில் பாதி வசனத்தை விழுங்கிவிட்டு, அட்டைக் கத்தியால் துரையின் தொப்பியைத் தட்டிவிட்டுச் சிரிக்கிறான். 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலேறும் காட்சியை இன்னும் தொடவே இல்லை. குரல் மட்டும் கணீரென்று இருக்கிறது, பாவி!

வசனத்தைக் குறைத்தேன், அலைபேசியில் பதிவு செய்து கொடுத்தேன், அவன் அம்மாவிடமும் பேசினேன். "வீட்டில் நன்றாகத்தான் சொல்கிறான் டீச்சர்" என்கிறார். எட்டப்பனாக நடிப்பவனுக்கு எல்லா வசனமும் மனப்பாடம். ஆனால் குரல் முதல் வரிசையைத் தாண்டாது.

நாடகம் போட்டுப் பழகிய ஆசிரியர்களே, இப்போது ஆளை மாற்றலாமா, திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்க ஒருவரை நிறுத்தி இவனையே நடிக்க வைக்கலாமா?