மறு: காப்பிலெஃப்ட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். காப்பிலெஃப்ட் (copyleft) என்றால், நிரலை யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், ஆனால் அதே உரிமைகளோடுதான் கொடுக்க வேண்டும் என்கிற உரிம முறை.

> ‘அளிப்புரிமை’ ஏற்கெனவே புழங்குகிறது, அதையே வைத்துக்கொள்வோமே.

புழங்குகிறது, சரி. ஆனால் அளிப்பு என்றதும் கொடுத்தாயிற்று, கதை முடிந்தது என்றுதானே காதில் விழுகிறது? எம்ஐடி (MIT) என்ற தளர்வான நிரல் உரிமமும்தான் அளிக்கிறது. பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைத்தால் போதும், மூலநிரலைப் பூட்டிவைத்துக்கூட விற்கலாம். லினக்ஸ் இயங்குதளக் கரு வெளிவரும் காப்பிலெஃப்ட் உரிமமான ஜிபிஎல் (GPL) அப்படி விடாது. வாங்கியதை, மாற்றியோ மாற்றாமலோ, இன்னொருவருக்குக் கொடுத்தால் அதே உரிமத்தில், மூலநிரலும் கிடைக்கும்படி கொடு என்கிறது. பெட்டிக்குள் லினக்ஸை வைத்து விற்பவர்கள் கோட்டைவிடுவது இந்தப் பாதியைத்தான். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரில் லினக்ஸ் ஓடுகிறதே, மூலநிரல் எங்கே என்று 2003இல் லினக்ஸ்காரர்கள் குடைந்த பிறகுதான் அது வெளியே வந்தது. ரூட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt) இயங்குதளம் முளைத்ததே அதிலிருந்துதான்.

> பதிப்புரிமைக்கு எதிரானதுதானே? ‘இடதுரிமை’ எப்படி?

எதிரானதே இல்லை. பதிப்புரிமைச் சட்டம் இல்லாவிட்டால் ஜிபிஎல்லுக்குப் பல்லே கிடையாது. லினக்ஸின் நெட்ஃபில்டர் என்ற வலைப்பொதி வடிகட்டும் பகுதியின் நிரலாளர் ஹரால்ட் வெல்ட்டே 2004இல் மியூனிக் நீதிமன்றத்தில் சைட்காம் நிறுவனத்துக்கு எதிராகத் தடை வாங்கியது அந்தச் சட்டத்தை வைத்துத்தான்: நிபந்தனையை மீறினால் உரிமம் போய்விடும், உரிமம் இல்லாமல் விநியோகித்தால் பதிப்புரிமை மீறல். தவிர, ரைட்–லெஃப்ட் சிலேடை ஆங்கிலத்தோடு சரி. நம் வலதுக்கும் உரிமைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ‘இடதுரிமை’ ஏதோ கட்சி மாநாட்டுத் தீர்மானம் மாதிரி இருக்கிறது.

என் பரிந்துரை தொடருரிமை. அந்த முறைக்குத் தொடருரிமை, அதன்படி எழுதிய உரிமத்துக்குத் தொடருரிமம். நிரலின் நகல் எங்கே போனாலும் உரிமையும் கடமையும் பின்னாலேயே போகும். அடைமொழியும் இடறாமல் ஒட்டுகிறது: ஜிபிஎல் வலுத்த தொடருரிமம், அதன் தளர்ந்த வடிவமான எல்ஜிபிஎல், கோப்பு அளவோடு நின்றுவிடும் மொசில்லா உரிமம் இரண்டும் மென் தொடருரிமம்.

> தொடர் என்றால் வருடாவருடம் புதுப்பிக்கும் சந்தா என்று நினைப்பார்களே.

நியாயமான பயம்தான். ‘வழித்தொடருரிமை’ என்று நீட்டினால் ஐயம் போகும், ஆனால் வாய்ப்பேச்சில் யாரும் சொல்ல மாட்டார்கள். பிரிக்காமல் ஒரே சொல்லாக எழுதினால் பாதிக் குழப்பம் தீரும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், இதைவிட அவசரமான சொற்கள் இரண்டு. மூலநிரலைக் கொடுக்கும் கடமை எந்தச் செயலில் தொடங்குகிறதோ அதற்குப் ‘பகிர்தல்’ வேண்டாம், விரும்பினால் செய்வது போல ஒலிக்கிறது; ‘வழங்கல்’ போடுவோம். நிறுவனத்துக்குள்ளேயே மாற்றி ஓட்டினால் வழங்கல் இல்லை, நிரலைக் காட்ட வேண்டியதில்லை (ஜிபிஎல்லின் இன்னொரு வடிவமான ஏஜிபிஎல் வேறு ரகம்: மாற்றிய நிரலை வலையமைப்பு வழியே பயன்படுத்துவோருக்கும் மூலநிரல் தர வேண்டும்). இன்னொன்று, கூடவே கொடுக்க வேண்டிய அந்த மூலநிரல். அதை ‘முழு இணைநிரல்’ என்கிறேன். ‘முழு’வை விடக் கூடாது, ஏனென்றால் லினக்ஸ் கருவின் (கெர்னல்) இணையதளத்திலிருந்து இறக்கிய பொதியை அப்படியே நீட்டித் தப்பிக்கப் பார்க்கிறார்கள்; கருவியில் உண்மையில் ஓடும் பதிப்பின் நிரல், அதைத் தொகுக்கவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்டுகள் எல்லாம் இதில் அடக்கம். ஜிபிஎல் 2இன்படி நிரலைக் கையோடு தராவிட்டால், கேட்பவருக்குத் தருவோம் என்று குறைந்தது 3 ஆண்டுக்குச் செல்லும் எழுத்துறுதியாவது பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

மறுப்பு இருந்தால் சொல்லை மட்டும் அனுப்பாதீர்கள், அதை வைத்து ஒரு ரூட்டர் கையேட்டில் வரக்கூடிய வாக்கியம் ஒன்றையும் எழுதி அனுப்புங்கள்.