காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத டீசல் கார்: தளியிலும் பாலக்கோட்டிலும் பார்த்தது

எங்கள் வீடு தளியில். போன மார்கழி, தை இரண்டு மாதமும் அப்பாவை அடிக்கடி பெங்களூருவில் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டியிருந்தது. ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பி ஆனேக்கல் வழியாகப் போனால்தான் நெரிசலுக்கு முன்னால் ஊருக்குள் நுழையலாம். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் பனி எப்படி இருக்கும் என்று ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பா மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருப்பார். நான் செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பேன். வண்டி எடுக்காது.

நான்கு சிலிண்டர் காமன் ரயில் டீசல் (டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் 'ரயில்' என்ற ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை), ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. முதலில் இரண்டாவது முயற்சியில் எடுத்தது, பிறகு நான்காவதில், தை பிறக்கும்போது ஏழெட்டு முறை ஆனது. சைலன்சரில் வெள்ளைப் புகை, கண் எரிகிற மாதிரி பச்சை டீசல் வாடை. எடுத்த பிறகும் ஒரு நிமிடம் வண்டி முழுக்க உதறும். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். மதியம் சாவியைத் திருப்பினால் அரை சுற்றில் எடுத்துவிடும்.

இந்தக் கடைசி விஷயத்தால்தான் நான் ஒன்றரை மாதம் அலைந்தேன். ஓசூரில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போவேன். அங்கே போய்ச் சேரும்போது இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும். அவர்கள் சாவியைத் திருப்புவார்கள், எடுக்கும். "பேட்டரி வீக்கா இருக்கும் சார்" என்றார்கள், மாற்றினேன். சரியாகவில்லை. டீசல் ஃபில்டர் மாற்றினேன், அதுவும் உதவவில்லை. மூன்றாவது முறை "இன்ஜெக்டர் நாலும் கழற்றணும், நாற்பதாயிரம் ஆகும்" என்றார்கள். அங்கேதான் நிறுத்தினேன். புது பேட்டரியில் செல்ஃப் விறுவிறுவென்று சுற்றியும் வண்டி எடுக்கவில்லை என்றால் கோளாறு பேட்டரியில் இல்லை. அதை அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

தேன்கனிக்கோட்டையில் ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "வண்டிய ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க. சாவிய யாரும் தொடக்கூடாது. காலைல அஞ்சரைக்கு நீங்களும் வாங்க" என்றார். குளிரில் வரும் கோளாறைக் குளிரிலேயே பார்க்க வேண்டும் என்று அதுவரை யாருமே சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பேட்டரியில் மீட்டர் வைத்தார். 12.5 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 10.4க்கு இறங்கியது. "பத்துக்கு மேல நிக்குதா, பேட்டரியும் மோட்டாரும் நல்லாயிருக்கு, விடு" என்றார். அப்புறம் என்னை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு அவர் சைலன்சர் பக்கம் போய்க் குனிந்து நின்றார். வெள்ளைப் புகை வந்ததும் எழுந்து வந்து, "டீசல் உள்ள போகுது, எரியல. ஹீட்டர் பிளக்கைப் பாத்துடலாம்" என்று டார்ச்சைக் கையில் எடுத்தார்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கொடுக்க ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்துகிறது, அந்த அழுத்தத்திலேயே காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்கிறது. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். அதை ஈடுகட்டத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் விரல் நீளத்தில் ஒரு ஹீட்டர் பிளக். ஸ்டார்ட் ஆன பிறகும் கொஞ்ச நேரம் அது எரிந்துகொண்டிருக்கும். என் வண்டி முதல் ஒரு நிமிடம் உதறியதற்கும் அது எரியாததுதான் காரணம்.

"டேஷ்போர்டில் ஹீட்டர் பிளக்குக்கான சுருள் விளக்கு எரிந்து அணைகிறதே" என்று கேட்டேன். அந்த விளக்கு கம்ப்யூட்டர் கணக்குப்படி அணைவது என்றார். பல வண்டிகளில் பிளக் செத்துப் போயிருந்தாலும் அது பாட்டுக்கு எரிந்து அணையும். நான் அதை நம்பித்தான் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

அவர் சோதித்த முறையை அப்படியே எழுதுகிறேன், எல்லோருக்கும் உதவும். முதலில் டெஸ்ட் லாம்ப்பின் (ஒரு பக்கம் கிளிப், மறு பக்கம் கூர் முனை உள்ள சிறு பல்பு) கிளிப்பை இன்ஜின் இரும்பில் மாட்டி, முனையைப் பிளக்குக்கு வரும் ஒயரில் வைத்து என்னை சாவியை ஆன் பண்ணச் சொன்னார். விளக்கு எரிந்தது, ஆகவே பிளக்குக்குக் கரண்ட் விடும் ரிலேயும் ஃபியூஸும் சரி. பிறகு சாவியை அணைத்து, நான்கு ஒயரையும் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு, கிளிப்பை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, முனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டார். நல்ல பிளக் என்றால் கரண்ட் அதன் வழியாக இன்ஜினுக்கு இறங்கி விளக்கு எரியும். ஒன்றாவது எரியவில்லை. இரண்டாவது எரியவில்லை. மூன்றாவது மங்காமல் எரிந்தது. நான்காவது எரியவில்லை. மீட்டரில் மூன்றாவது மட்டும் ஒரு ஓம் பக்கம் காட்டியது, மற்ற மூன்றும் ஒன்றுமே காட்டவில்லை. நாலில் மூன்று செத்துப் போன பிளக்குகளோடு நான் அப்பாவைப் பனியில் உட்கார வைத்திருந்திருக்கிறேன்.

கழற்றும்போது அவர் காட்டிய நிதானத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பிளக் உள்ளே கார்பனில் பிடித்திருக்கும். குளிரில் முரட்டுத்தனமாகத் திருகினால் முறிந்து ஹெட்டுக்குள் (சிலிண்டர்களின் மேல் மூடி) மாட்டிக்கொள்ளும், ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். ஒருவழியாக வண்டியை ஸ்டார்ட் செய்து நன்றாகச் சூடாக்கி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று எடுத்தார். நான்காவது அசையவில்லை. திரும்ப எண்ணெய் விட்டு மதியம் வரை அதைத் தொடவே இல்லை. வெளியே வந்தபோது அதன் முனை வீங்கி, ஓரத்தில் வெடித்திருந்தது. நான்கையும் சேர்த்தே மாற்றச் சொன்னார், மாற்றினேன். கூலியோடு மொத்தம் மூவாயிரத்து சொச்சம்.

கழற்றிய பிளக்கை பேட்டரியில் நேராகக் கொடுத்து முனை சிவக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. புது வண்டிகள் சிலவற்றில் 12 வோல்ட்டுக்குக் குறைவான பிளக் வருகிறது, அது அந்த நிமிடமே கருகிவிடும். பிளக் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இதற்கு நேர் எதிரானது பாலக்கோட்டில் என் மச்சான் வண்டியில் நடந்தது. அங்கே எங்கள் அளவுக்குக் குளிரே கிடையாது, வெயில் காலத்திலும் அவருக்குக் காலையில் இதே தொல்லை. நான் புதிதாகக் கற்ற தெம்பில் போய் முதலில் சைலன்சர் பக்கம் நின்றேன். பத்து விநாடி செல்ஃப் அடித்தும் புகையே இல்லை. அப்படியென்றால் டீசலே போய்ச் சேரவில்லை. ஃபில்டர் மேல் இருக்கும் கைப் பம்ப்பை அழுத்தினால் மெத்தென்று இருந்தது. இருபது தடவை அழுத்திய பிறகு இறுகியது, உடனே ஸ்டார்ட் ஆனது. ராத்திரியில் எங்கோ காற்று நுழைந்து டீசல் டேங்க்குக்குத் திரும்பி இறங்கிவிடுகிறது.

அவர் வீட்டு வாசலில் சரிவு. வண்டியை முகம் மேலே பார்க்க நிறுத்துவார், டேங்க் பின்னால் தாழ்ந்து இருக்கும். அன்று ராத்திரி திருப்பி, முகம் கீழே பார்க்க நிறுத்தச் சொன்னேன். காலையில் முதல் செல்ஃபிலேயே எடுத்தது! மெக்கானிக் டேங்க்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் வழியில் ஒரு சாண் உள்ளே ஓடுவது தெரிகிற ஹோஸ் போட்டுப் பார்த்தார், குமிழி இல்லை. ஃபில்டரைத் தாண்டிப் போட்டதும் சரம் சரமாகக் குமிழி வந்தது. ஃபில்டர் மூடியின் ஓ ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) காய்ந்து விறைத்துக் கிடந்தது. நாற்பது ரூபாய் சாமான். எங்கள் வீட்டில் பனியைக் குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அங்கேதான் தெரிந்தது, வண்டி எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறது என்பதும் ஒரு காரணம்.

இந்த ஹோஸ் வேலையெல்லாம் ஃபில்டர் பக்கத்து லோ பிரஷர் லைனில் மட்டும். பழைய லாரியில் செய்வதுபோல இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்கும் வேலையைக் காமன் ரயிலில் செய்யவே கூடாது. ஓடும்போது அங்கே பிரஷர் 1000 பாருக்கு மேல்கூடப் போகும், டீசல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். ஸ்டார்ட் ஆவதற்காக ஈதர் ஸ்ப்ரே (சட்டென்று பற்றிக்கொள்ளும் திரவம்) அடிப்பதும் வேண்டாம். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும்போது அது நேரம் தவறி வெடித்தால் பிஸ்டனே உடையலாம். தள்ளி ஸ்டார்ட் செய்தால் டைமிங் பெல்ட் உள்ள வண்டியில் பெல்ட் பல் தாவும் அபாயமும் உண்டு.

சூட்டிலும் எடுக்க மறுத்தால் அது வேறு கதை. இன்ஜெக்டர் ரிட்டர்ன் (பீய்ச்சாமல் திரும்பி வரும் டீசல்) அதிகமாகி ரயிலில் பிரஷர் ஏறாமல் இருக்கலாம். அதற்கு நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பையும் நான்கு பாட்டிலில் விட்டு எது சீக்கிரம் நிரம்புகிறது என்று பார்ப்பார்கள். எனக்கு அது நேரவில்லை, அதனால் அதைப் பற்றி அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

இதே தொல்லையில் இருப்பவர்கள் நாளைக் காலை முதல் செல்ஃப் அடிக்கும்போது வீட்டில் ஒருவரை சைலன்சர் பக்கம் நிறுத்தி, புகை வருகிறதா, என்ன நிறம் என்று பார்க்கச் சொல்லுங்கள். போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் பதினோரு மணிக்கு மெக்கானிக்கிடம் காட்டலாம். வண்டி எந்தப் பக்கம் சரிந்து நின்றது என்பதையும் சேர்த்து இங்கே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.