வலையங்குளம் தோட்டமும் தை 8 கல்யாணப் பூவும்

அவனியாபுரம் அத்தை: அண்ணா, திங்கட்கிழமை மல்லிகைத் தோட்டத்தில் கவாத்துக்கு, அதாவது செடிகளின் கிளைகளை வெட்டிவிட, ஆள் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தை 8 அன்று உங்கள் மருமகளுக்கு, என் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் தோட்டத்துப் பூவைச் சூடித்தான் அவள் மணவறையில் உட்கார வேண்டும் என்று அம்மா இருந்தபோதே சொல்லியிருந்தார். கல்யாணம் முடியும்வரை கவாத்தைத் தள்ளிவையுங்கள்.

திருமங்கலம் சித்தப்பா: அக்கா கேட்பது நியாயம்தான்.

பெரியப்பா: தங்கச்சி, நீ கேட்டு நான் மறுத்ததில்லை, ஆனால் செடியின் கணக்கு வேறு. குண்டுமல்லி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டுக் கட்டும் என்பதால், நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முதல் வாரத்துக்குள் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டி, நோய்கண்ட கிளைகளை நீக்கி, தொழுவுரம் வைத்துத் தண்ணீர் பாய்ச்சினால்தான் மார்ச் முதல் ஜூன் வரை பூ கொட்டும். வெட்டாமல் விட்டாலும் மார்கழிப் பனியில் நீ நினைக்கிற அளவு பூ வராது. தையில் மாட்டுத்தாவணிச் சந்தையில் கிலோ 2000 ரூபாயைத் தாண்டுவது அதனால்தான்.

அவனியாபுரம் அத்தை: தோட்டத்தைப் பிரித்தபோது நான் பங்கு கேட்கவில்லை. இன்று பூவைத்தான் கேட்கிறேன்.

சென்னை அண்ணன்: பெரியப்பா, நீங்கள் கிளையை வேர்விடவைத்துக் கொடுத்த மல்லிகைப் பதியன் மாடித் தொட்டியில் இருக்கிறது. இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. என்ன செய்வது?

பெரியப்பா: நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு, தம்பி. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கலந்து தெளி. தொட்டியில் தண்ணீர் தேங்கவிடாதே. நாள் முழுக்க வெயில் படும் இடத்தில் வை. அது ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து நான் கொண்டுவந்த நாற்றின் வழிவந்த செடி, பத்திரமாகப் பார்த்துக்கொள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தத் தடித்த இதழும் நீண்ட காம்பும் இதில் அப்படியே இருக்கின்றன.

சின்ன அண்ணி: கல்யாணத்தன்று நானும் நிறையப் பூ வைத்துக்கொள்ளலாமா? பிள்ளைக்கு இன்னும் பால் கொடுக்கிறேன்.

அவனியாபுரம் அத்தை: தலையில் தாராளமாக வைத்துக்கொள், அம்மா. பிள்ளை பால் மறக்க வேண்டும் என்றால்தான் மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். அண்ணா, நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

திருமங்கலம் சித்தப்பா: கிணற்றடிப் பாத்தியை மட்டும் வெட்டாமல் விடலாமே, அண்ணா. அங்கே தென்னையும் சுவரும் பனிக்காற்றைத் தடுக்கின்றன.

பெரியப்பா: அங்கே நான்கடிக்கு நான்கடி இடைவெளியில் 60 செடிகள் நிற்கின்றன. இருபதை விட்டுவைக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு அவற்றை வெட்டினால் கோடைப் பூ பிந்தும், அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு முதல் நாள் விடியுமுன் விரியாத மொட்டாகப் பறித்து, ஈரத்துணியில் சுற்றி நானே கொண்டுவருகிறேன். ஆனால் அது பெண்ணின் ஜடைக்கு மட்டும்தான் போதும். மாலைக்கும் வந்தவர்களுக்குக் கொடுக்கவும் சந்தையில்தான் வாங்க வேண்டும்.

திருமங்கலம் சித்தப்பா: சந்தைப் பூவுக்கு நான் பணம் கொடுக்கிறேன்.

அவனியாபுரம் அத்தை: வேண்டாம் தம்பி, மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன். மேலும், இருபது செடி போதாது, அண்ணா. நாற்பதாவது விடுங்கள்.

பெரியப்பா: நாற்பது முடியாது, தங்கச்சி.

சென்னை அண்ணன்: ஃபெரஸ் சல்பேட்டை வாரம் ஒரு முறை தெளிக்கலாமா, பெரியப்பா?

அவனியாபுரம் அத்தை: ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மகளும் தோட்டத்துக்கு வந்து செடிகளைப் பார்க்கிறோம். அதுவரை கிணற்றடிப் பக்கம் அரிவாள் படக் கூடாது.