22 ஹார்னெட்டுக்குச் சத்தம் குறைந்த தோட்டாவை வீட்டில் அடைப்பது: குண்டுகள் ஏன் மேலும் கீழுமாக விழுகின்றன?

கேள்வி (பென்சில்வேனியா)

அனைவருக்கும் வணக்கம். ஒரு சோயா வயலை ஒட்டிக் குடியிருக்கிறேன். வரப்போரம் வளை தோண்டும் கிரவுண்ட்ஹாக்குகளைச் சுடுவதற்கு வயலின் உரிமையாளர் எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொருவரின் குதிரை லாயம் இருப்பதுதான் சிக்கல். என்னிடம் இருப்பது 22 ஹார்னெட் தோட்டாவுக்கான சிஇசட் 527 ரைஃபிள். கடையில் வாங்கிய, 45 கிரெய்ன் (ஏறத்தாழ 3 கிராம்) குண்டு கொண்ட தோட்டாவை ஒரு முறை வெடித்தாலே குதிரைகள் மிரண்டு லாயத்தைச் சுற்றி ஓடுகின்றன. அவற்றின் உரிமையாளர் இதுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. அதனாலேயே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளாக ரீலோடிங் (சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மீண்டும் வெடிமருந்தும் குண்டும் அடைப்பது) செய்து வருவதால், ஒலியின் வேகத்துக்குக் கீழே பறக்கும் தோட்டாவை நானே அடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வினாடிக்கு 1,050 அடி வேகத்தைக் குறியாக வைத்து, செம்பு உறையிட்ட 45 கிரெய்ன் குண்டுக்குப் பின்னால் வேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்தைச் சிறிதளவு இட்டேன். சத்தம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே அடங்கியது. ஆனால் 50 கஜத்தில் குண்டுகள் பக்கவாட்டில் ஓர் அங்குலத்துக்குள்ளும், மேலும் கீழுமாக மூன்று அங்குலத்துக்கு மேலும் சிதறின. பதினோராவது தோட்டா 'புஸ்' என்று மட்டும் ஒலித்தது. காகிதத்தில் புதிய துளை எதுவும் விழவில்லை. அத்துடன் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து கழுவுகோலைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தபோது, அது பாதி வழியிலேயே முட்டி நின்றது.

என் பிழை எங்கே இருக்கிறது? 50 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் ஐந்து குண்டுகளைக் கொண்டுவருவது இந்தத் தோட்டாவில் நடக்கக்கூடிய காரியமா?

மறுமொழி 1 (ஓஹாயோ)

'புஸ்' என்ற சத்தத்துக்குப் பிறகு அடுத்த தோட்டாவை ஏற்றாமல் நிறுத்தினீர்களே, அந்த ஒரு முடிவு உங்கள் கண்ணையும் விரல்களையும் காப்பாற்றியிருக்கிறது. குழலில் ஒரு குண்டு சிக்கியிருக்கும்போது அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால், குழல் உப்பும் அல்லது பிளக்கும். சிக்கியதை வெளியே எடுப்பதற்குத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அதை இன்னொரு தோட்டாவால் தள்ளிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அது ஏன் சிக்கியது என்பதிலேயே நீங்கள் கேட்ட மற்றக் கேள்விக்கும் பாதி விடை இருக்கிறது. செம்பு உறை கடினமானது. குழலின் புரிகளுக்குள் நுழைந்து வாய்வரை உராய்ந்துகொண்டே செல்வதற்கு அதற்குக் கணிசமான உந்துதல் தேவைப்படுகிறது. வேகத்தைக் குறைக்கக் குறைக்க அந்த உந்துதலில் மிச்சம் என்று எதுவும் இருப்பதில்லை. ஒரு தோட்டாவில் மருந்து சற்றே மந்தமாகப் பற்றிக்கொண்டாலும் குண்டு நடுவழியில் நின்றுவிடும். ஈயத்தில் வார்த்த குண்டு மென்மையானது என்பதால் இதே வேகத்தில் சிரமமின்றி வெளியேறும். எனவே 1,050 அடிதான் வேண்டும் என்றால், அடிப்பகுதியில் செம்புக் கிண்ணம் பொருத்திய வார்ப்புக் குண்டுக்கு மாறுங்கள்; அதையும் அந்தக் குண்டுக்கென்றே வெளியிடப்பட்ட ரீலோடிங் கையேட்டின் அளவை வைத்து அடையுங்கள். நான் இங்கே மருந்தின் எடை எதையும் எழுதப்போவதில்லை. என் துப்பாக்கிக்குப் பொருந்துவது உங்களுடையதற்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

இனி மேலும் கீழுமான சிதறலுக்கு வருகிறேன். பக்கவாட்டில் ஓர் அங்குலத்துக்குள் அடங்குகிறது என்றால் குழலிலும் தொலைநோக்கியிலும் உங்கள் கையிலும் குறை இல்லை என்று பொருள், மாறுவது வேகம். ஹார்னெட்டின் கூடு சிறியதுதான், அதன் முழுக் கொள்ளளவே ஏறத்தாழ 14 கிரெய்ன் தண்ணீர்தான். ஆனாலும் நீங்கள் இட்ட அடர்த்தியான மருந்துக்கு அதுவே அண்டாவில் போட்ட ஆழாக்கு அரிசி போலத்தான். துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்தால் மருந்து குண்டின் பக்கம் சரிகிறது, நிமிர்த்தினால் கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரின் பக்கம் சரிகிறது. ப்ரைமரின் தீப்பொறி அதை எந்த இடத்தில் சந்திக்கிறதோ அதற்கேற்ப வேகம் மாறும். குழலைச் சரிசெய்து, வார்ப்புக் குண்டுக்கு மாறிய பிறகு இதை நீங்களே சோதித்துப் பாருங்கள். ஐந்து தோட்டாக்களை, ஒவ்வொன்றுக்கும் முன்பு குழலைப் பாதுகாப்பான திசையில் மெல்லத் தாழ்த்தி, பிறகு கிடைமட்டமாக்கிச் சுடுங்கள். அடுத்த ஐந்தை, முதலில் நிமிர்த்தி, பிறகு கிடைமட்டமாக்கிச் சுடுங்கள். குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் இரண்டு கூட்டங்களுக்கும் இரண்டு வேறு வேகங்களைக் காட்டினால், நோய் எது என்று தெரிந்துவிடும்.

அதற்கு மருந்து, கூட்டை நிரப்பக்கூடிய பருமனான மருந்துதான். வளையம் வளையமாக இருக்கும் டிரெயில் பாஸ் என்ற மருந்து இதற்காகவே உருவாக்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் கடைகளில் அரிதாகிவிட்டது என்பது வேறு கதை. அது கிடைத்தால், குண்டை வைத்து அழுத்திவிடாதீர்கள். வளையங்கள் நொறுங்கினால் அழுத்தம் எகிறும். இன்னொரு பக்கம், ஹார்னெட்டில் முழு வேகத்துக்குப் பலரும் விரும்பும் எச்110 மருந்தைக் குறைத்துப் போட்டு அமைதியை உண்டாக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். கையேட்டின் அளவுக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கும் மருந்து அது.

கூட்டை நிரப்பாத மருந்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு: இரண்டு முறை ஊற்றினாலும் வெளியே வழியாது. நான் ஐம்பது கூடுகளையும் தட்டில் நிறுத்திவைத்து, குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் மருந்தின் மட்டத்தைப் பார்ப்பேன். ஒரு முறை அப்படிப் பார்த்ததில் ஒன்று மட்டும் கழுத்தடி வரை இருந்தது. மனைவி சாப்பிடக் கூப்பிட்டுப் பாதியில் எழுந்துபோன நாள் அது.

மறுமொழி 2 (டெக்சஸ்)

மேலே எழுதியவர் சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனாலும் அடிப்படையான கேள்வி ஒன்றைக் கேட்கிறேன். 45 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 1,050 அடியில் கிளம்பினால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 110 அடி-பவுண்டு. இதே எடைக்கு நெருங்கிய 40 கிரெய்ன் குண்டை ஏறக்குறைய இதே வேகத்தில் செலுத்தும் சாதாரண 22 எல்ஆர் தோட்டா பெட்டி பெட்டியாகக் கடையில் கிடைக்கிறது. போட்டிகளில் சுடுபவர்களும் ஒலியின் வேகத்துக்குக் கீழே பறக்கும் அதையேதான் தேடி வாங்குகிறார்கள். தோட்டாவின் விலை, உங்கள் மாலை நேரம், குழலில் சிக்கும் அபாயம் ஆகியவற்றைக் கூட்டிக் கணக்குப் பார்த்தால், ஹார்னெட்டை இந்த அளவுக்கு அடக்குவது யானையைக் கட்டி ஏர் உழுவது போன்ற வேலை.

ஹார்னெட் தன் இயல்பில் ஓடினால்தான் அழகு. 1920களில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையைச் சேர்ந்த ஆர்வலர்கள், கருமருந்துக் காலத்துப் பழைய 22 டபிள்யூசிஎஃப் கூட்டை எடுத்து, புகையற்ற மருந்து போட்டுப் பார்த்ததிலிருந்து பிறந்தது அது; 1930இல் வின்செஸ்டர் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெரிய தோட்டாக்களின் சத்தம் பண்ணைகளுக்கு நடுவே தொல்லையாக இருந்த இடங்களில் அது நிலைத்ததற்குக் காரணமே, குறைந்த மருந்தில் போதிய வேகம் தந்ததுதான். ஒலியின் வேகத்தைத் தாண்டிய குண்டு, வழி நெடுக எழுப்பும் அந்தச் சாட்டையடி ஓசையை குழல் வாயில் பொருத்தும் எந்த ஒலியடக்கியாலும் (சப்ரஸர்) நீக்க முடியாது என்பது உண்மை. ஆனால் குதிரைகள் மிரள்வது அதற்கா, குழல் வாயின் முழக்கத்துக்கா என்று முதலில் கண்டுபிடியுங்கள். முழக்கத்துக்குத்தான் என்றால், சட்டப்படி பதிவு செய்த சப்ரஸர் ஒன்றே போதுமானதாக இருக்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா அடைக்கக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆவது பிரிவின்படி, தோட்டா தயாரிக்கவே உரிமம் கேட்கிறது. துப்பாக்கி உரிமம் கையில் இருப்பது இதற்குப் போதாது.

மறுமொழி 3 (ஐடஹோ)

இருவரும் மருந்தைப் பற்றியும் குண்டைப் பற்றியும் பேசிவிட்டீர்கள். கூட்டை யாரும் தொடவில்லை. ஹார்னெட்டில் குறி தப்புவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்தக் கழுத்துதான். அதன் பித்தளை மிக மெல்லியது. தட்டையான அடி கொண்ட குண்டை நேராக வைக்காமல் தோட்டா அடைக்கும் பிரஸ்ஸின் கைப்பிடியை அழுத்தினால், கழுத்து பழைய தகர டப்பா போலச் சத்தமே இல்லாமல் மடிந்துவிடும், கைக்கு ஒன்றும் தெரியாது. வெளியே எடுத்துப் பார்த்தால் தோள்பட்டைக்குக் கீழே ஒரு சுருக்கம் ஓடியிருக்கும். மடியாமல் தப்பியவற்றிலும் குண்டு கோணலாக உட்கார்ந்திருக்கும். கூட்டின் வாயை உள்பக்கமாகச் சீவி, மிகச் சிறிதளவு விரித்துவிட்டு, குண்டைப் பாதி ஆழம் வரை தள்ளி, தோட்டாவை அரைச் சுற்றுத் திருப்பி, பிறகு மீதியைத் தள்ளுங்கள். வார்ப்புக் குண்டுக்கு இந்த விரிப்பு இன்றியமையாதது, இல்லாவிட்டால் வாயின் விளிம்பு ஈயத்தைச் செதுக்கிவிடும்.

உங்கள் துப்பாக்கியின் தோட்டா அறையில் ஒரு முறை சுட்ட கூடுகளை அச்சில் முழுவதுமாக இறுக்காமல் கழுத்தை மட்டும் இறுக்குங்கள். ஹார்னெட் விளிம்பைப் பிடித்து நிற்கும் தோட்டா. முழுவதும் இறுக்கிய கூடு அறைக்குள் தளர்வாகக் கிடக்கும், ஒவ்வொரு முறையும் நீண்டு சில சுற்றுகளில் அடிப்பகுதிக்கு மேலே வெடிப்பு விடும்.

ப்ரைமரையும் மாற்றிப் பாருங்கள். இவ்வளவு சிறிய கூட்டில் ரைஃபிள் ப்ரைமரின் வெடிப்பு மட்டுமே, மருந்து பற்றுவதற்கு முன் குண்டை முன்னே நகர்த்திவிடக்கூடியது. அதே அளவிலுள்ள கைத்துப்பாக்கி ப்ரைமர் மென்மையானது. பல ஹார்னெட்காரர்கள் அதையே பயன்படுத்துகிறார்கள். அதன் கிண்ணம் மெல்லியது என்பதால், கையேடு அனுமதிக்கும் மிதமான அளவுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, உங்கள் ஊரின் குளிர். 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1,125 அடி. உறைநிலையில் 1,087 அடி. கோடையில் 1,100 அடியில் அமைதியாக இருந்த தோட்டா ஜனவரியில் சாட்டையைச் சொடுக்கும். 1,050 என்று நீங்கள் வைத்த குறி சரியானதே.

கேள்வி கேட்டவரின் பதில், ஐந்து வாரங்களுக்குப் பின்

மூவருக்கும் நன்றி. குழலில் சிக்கியிருந்த குண்டைப் பழுதுபார்ப்பவர் எடுத்துக் கொடுத்தார்; புரிகளுக்குச் சேதமில்லை. வார்ப்புக் குண்டு, பருமனான மருந்து, கைத்துப்பாக்கி ப்ரைமர் என்று மூன்றையும், அந்த மூன்றும் சேர்ந்து அச்சிடப்பட்டிருந்த ஒரே பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். தாழ்த்தியும் நிமிர்த்தியும் சுட்ட இரண்டு கூட்டங்களின் வேகமும் இப்போது ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது. 50 கஜத்தில் ஐந்து குண்டுகள் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே நிற்கின்றன. அந்தச் சற்றுக்குக் காரணம் நான் மடக்கிய கழுத்துகள் என்று நினைக்கிறேன், முதல் இருபதில் மூன்றை மடக்கினேன். 100 கஜத்துக்கு இதைப் பயன்படுத்தும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். 50 கஜத்துக்குக் குறி வைத்த தொலைநோக்கியில் அங்கே குண்டு ஆறேழு அங்குலம் தாழ்ந்து விழுகிறது. தூரத்தைச் சற்றுத் தவறாகக் கணித்தாலும் விலங்கு காயத்தோடு வளைக்குள் போய்விடும்.

டெக்சஸ் நண்பருக்கு: 22 எல்ஆர் வாங்கலாம் என்பது சரிதான், வாங்கவும் போகிறேன். போன சனிக்கிழமை வேலியோரம் சுட்டபோது ஒரு குதிரை மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடியும் புல்லில் வாயை வைத்தது.