ஒடியல் மா விற்கும் சிறு வியாபாரத்துக்கு விக்ஸ் போதுமா, சொந்த ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ் வேண்டுமா?

பரந்தன்காரி எழுதியது:

வணக்கம் உறவுகளே. பரந்தனில் வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் நான்கு பெண்களாகச் சேர்ந்து ஒடியல் மா, குரக்கன் மா, வறுத்த மிளகாய்த்தூள், முருங்கையிலைத் தூள் ஆகியவற்றைப் பொதி செய்து விற்று வருகிறோம். இதுவரை பேஸ்புக் பக்கமும் வட்ஸ்அப்பும் போதுமாக இருந்தன. ஆனால் ஒவ்வொருவருக்கும் விலைப்பட்டியலைத் தனித்தனியே அனுப்பி, தபால் செலவு எவ்வளவு, ஒடியல் மா எத்தனை மாதம் பழுதாகாது என்ற அதே கேள்விகளுக்கு இரவு பதினொரு மணிவரை பதில் எழுத வேண்டியிருப்பதால், எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்க ஓர் இணையத்தளம் அமைப்பதென்று முடிவெடுத்தோம்.

முடிவெடுத்த கையோடு வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. கனடாவில் இருக்கும் தங்கை, தளம் கட்டும் கருவியையும் அதை வைக்கும் இடத்தையும் சேர்த்தே தரும் விக்ஸ் போன்ற மாதக் கட்டணச் சேவையொன்றில் ஒரே நாளில் தளத்தை அமைத்துவிடலாம், முதல் வருடக் கட்டணத்தைத் தானே கட்டுகிறேன் என்கிறாள். அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் மருமகனோ, அப்படிச் செய்தால் தளம் ஒருநாளும் எங்களுடையதாக இராது, தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸை நாமே நிறுவ வேண்டும், ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைக்கும் இடத்துக்கு, காசு இல்லையென்றால் வீட்டில் கிடக்கும் பழைய கணினியையே சேவையகமாக, அதாவது தளத்தை வைத்து எந்நேரமும் காட்டும் கணினியாக, மாற்றித் தருகிறேன் என்கிறான். எங்களிடம் இருபது பொருட்களுக்கு மேல் இல்லை. தளத்தைப் பார்த்துக்கொள்ளப்போவது நான்தான். எனக்குக் கைத்தொலைபேசி நன்றாகத் தெரியும், மடிக்கணினி ஓரளவு தெரியும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இரணைமடுக் குளக்கட்டு எழுதியது:

அக்கா, பழைய கணினி யோசனையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். வீட்டு இணைப்புகளுக்கு நிலையான ஐபி முகவரி (இணையத்தில் ஒரு கணினியைக் கண்டுபிடிக்க உதவும் எண்) பொதுவாகக் கிடைப்பதில்லை. சிம் அட்டையில் இயங்கும் ரவுட்டராக இருந்தால் வெளியிலிருந்து அந்தக் கணினியை நேரடியாக அணுக முடியாமலே போகலாம். மின்சாரம் நின்றால் தளமும் நின்றுவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மருமகன் படிப்பதற்கு அது நல்ல பயிற்சிதான், ஆனால் நான்கு பேரின் வருமானத்தை அதன்மேல் வைக்கக்கூடாது.

ஆகவே இங்கே சொந்த ஹோஸ்டிங் என்பது, ஒரு நிறுவனத்தின் சேவையகத்தில் வருடக் கட்டணத்துக்கு இடம் எடுத்து, அதில் வேர்ட்பிரஸை நிறுவிக்கொள்வதாகும். 2003 இல் வெளிவந்த வேர்ட்பிரஸ், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் என்பதால், ஒரு நிறுவனத்தின் சேவை பிடிக்கவில்லையென்றால் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் அள்ளிக்கொண்டு இன்னொன்றுக்குப் போய்விடலாம். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படி வேறு சேவையகத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. முதலிலிருந்து மீண்டும் கட்ட வேண்டும். விக்ஸிலும், அதுபோன்ற இன்னொரு சேவையான ஷொப்பிஃபையிலும் பொருட்பட்டியலை மட்டும் சிஎஸ்வி (அட்டவணை) கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். இடையில் ஒரு வழியும் உண்டு: வேர்ட்பிரஸ் டொட் கொம் என்பது அதே மென்பொருளை ஒட்டோமற்றிக் நிறுவனம் தானே நடத்தித் தரும் சேவை. அங்கே தொடங்கி, கை பழகிய பிறகு எழுத்துகளையும் படங்களையும் சொந்த ஹோஸ்டிங்குக்கு மாற்றிக்கொள்ள முடியும். பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நீங்கள் நீண்ட காலத்துக்கு யோசிப்பதாக இருந்தால், என் வாக்கு வேர்ட்பிரஸுக்கே.

முள்ளியவளைக் கடைக்காரன் எழுதியது:

தளத்தின் உரிமை பற்றி மேலே எழுதப்பட்டதில் பிழையில்லை. ஆனால் கூரை நம்முடையதாக இருந்தால் மாரிக்கு முன் கிடுகு வேய்வதும் நம்முடைய வேலைதான் என்பதைத் தம்பி சொல்லாமல் விட்டுவிட்டார்.

2019 இல் தெரிந்த ஒருவரைக் கொண்டு என் கடைக்கு வேர்ட்பிரஸில் தளம் போட்டேன். அவர் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போன பிறகு ஒன்றரை வருடமாக எவரும் உள்ளே நுழைந்து பார்க்கவில்லை. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் கூகுளில் என் கடையைத் தேடி, வந்ததைப் படம்பிடித்து அனுப்பினார். கடையின் பெயருக்குக் கீழே ஏதேதோ வெளிநாட்டு மாத்திரைகளின் விளம்பரங்கள் வரிசையாக நின்றன. முகவரியைத் தட்டச்சுச் செய்து நேரே போனால் தளம் வழமைபோலத் தெரிந்ததால்தான் அதுவரை எனக்கு எதுவும் தெரியவில்லை. வேர்ட்பிரஸில் கூடுதல் வசதிக்காகப் பொருத்தி, புதுப்பிக்காமல் கிடந்த ஒரு பிளகினின் ஓட்டை வழியாக நுழைந்திருந்தார்கள். பேக்அப் இருந்தது, ஆனால் அதுவும் அதே சேவையகத்திலேயே இருந்தபடியால் அதற்குள்ளும் அந்த அழுக்கு ஏறியிருந்தது.

இப்போது மாதக் கட்டணச் சேவையொன்றில் இருக்கிறேன். புதுப்பிப்பு, தளத்தோடான தொடர்பை மறையாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ், பேக்அப் எதுவும் என் தலையில் இல்லை. அதன் குறை டொலர். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியபோது, அவர்கள் ஒரு சதமும் கூட்டாமலேயே என் கட்டணம் ஏறத்தாழ 80 வீதம் கூடிவிட்டது. தங்கை கட்டும் முதல் வருடத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். முதல் வருடச் சலுகை விலைக்கும் இரண்டாம் வருடப் புதுப்பிப்பு விலைக்கும் பெரிய இடைவெளி இருக்கும், இதில் ஹோஸ்டிங் நிறுவனங்களும் சளைத்தவை அல்ல. அப்படியிருந்தும், உங்கள் நிலையில் நான் மாதக் கட்டணச் சேவையைத்தான் எடுப்பேன். மருமகன் படிப்பு முடிந்து எந்த ஊரில் இருப்பார் என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்?

ஏ9 பயணி எழுதியது:

காசு எப்படி வரும் என்று இதுவரை எவரும் கேட்கவில்லை. இணையத்தில் காசு அனுப்பவும் பெறவும் உதவும் பேபாலில், இலங்கையில் திறந்த கணக்கால் காசு செலுத்தலாம், பெற முடியாது. அட்டை வழியாகக் காசு வாங்க உதவும் ஸ்ட்ரைப் இலங்கை வணிகங்களுக்குக் கணக்கே தருவதில்லை. வெளிநாட்டுச் சேவைகளின் விற்பனைப் பொத்தான்களில் பல இவ்விரண்டையும் நம்பியே இயங்குவதால், எதில் சேர்ந்தாலும் பேஹியர் போன்ற இலங்கைக் கட்டணச் சேவை அதனோடு இணையுமா என்பதை முதலில் பாருங்கள். வேர்ட்பிரஸில் வூகொமர்ஸ் என்ற கடைப் பிளகினை வைத்தால் அதற்குரிய பேஹியர் பிளகின் கிடைக்கிறது.

ஆனால் இருபது பொருளுக்கு இந்த ஏற்பாடெல்லாம் தேவையா என்பது என் சந்தேகம். ஒவ்வொரு பொருளுக்கும் படம், நிறை, விலை, தபால் செலவு, அதன் கீழே உங்கள் வட்ஸ்அப்பைத் திறக்கும் ஒரு பொத்தான் ஆகியவை போதும்; வங்கிக் கணக்குக்குக் காசு வாங்கும் இப்போதைய முறையே தொடரட்டும். அதற்கு மாதக் கட்டணச் சேவையின் மிகச் சிறிய திட்டமே போதுமானது.

நீங்கள் விடாப்பிடியாக நிற்க வேண்டிய இடம் டொமைன் பெயர், அதாவது தளத்தின் இணைய முகவரிதான். தளம் எங்கே இருந்தாலும் பெயர் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், தளச் சேவையிலிருந்து தனியே பதிவாகியிருக்க வேண்டும். அப்போது விக்ஸிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாறினாலும் பொதியில் அச்சடித்த முகவரி மாறாது. என் அண்ணரின் வாகனத் திருத்தகத்துக்குத் தளம் செய்தவர் பெயரைத் தன் கணக்கில் பதிந்துவிட்டு வெளிநாடு போனார். அது காலாவதியானபோது அறிவித்தல் அவருடைய மின்னஞ்சலுக்குப் போனது. பெயர்ப்பலகையையும் பில் புத்தகத்தையும் புதிதாக அடிக்க வேண்டி வந்தது. டொட் எல்கே பெயர்களைத் தருவது எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி. டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் பெயரும் உண்டு, பார்க்க அழகுதான்; ஆனால் கனடாவில் தமிழ் விசைப்பலகை இல்லாதவர் அதை எப்படித் தட்டச்சுச் செய்வார்?

இலவசத் தளங்களையும் நம்பாதீர்கள். கூகுள் தன் வணிகப் பக்கங்களோடு இலவசமாகக் கொடுத்திருந்த சிறு தளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது.

பரந்தன்காரி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. டொமைனை என் பெயரில் தனியே பதிந்து, தளத்தை இப்போதைக்கு மாதக் கட்டணச் சேவையில் வைப்பதாக முடிவெடுத்துவிட்டோம். விக்ஸா, வேர்ட்பிரஸ் டொட் கொம்மா என்பதை இரண்டாம் வருட விலையைப் பார்த்துத் தீர்மானிப்போம். மருமகனுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. எல்லாப் படங்களையும் பொருள் விவரங்களையும் தளத்துக்கு வெளியே ஒரு பிரதியாகச் சேர்த்து வைக்கும் வேலையை அவனிடம் கொடுத்திருக்கிறேன். பழைய கணினிப் பரிசோதனையை அந்தப் பிரதியை வைத்துச் செய்து பார்க்கட்டும்.

இன்னுமொரு சந்தேகம். எங்கள் லேபல் விவரங்கள் முழுவதும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தவை. தளத்தில் ஒட்டிப் பார்த்தபோது ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிகின்றன.

இரணைமடுக் குளக்கட்டு எழுதியது:

அக்கா, பாமினி, எல்லாக் கருவிகளும் தமிழைத் தமிழாகவே அறியும் யுனிகோட் முறையிலான எழுத்துரு அல்ல. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் போர்த்தியது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடும், கூகுளிலும் ஒடியல் மா என்று தேடுபவருக்கு அகப்படாது. பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உள்ளன. மாற்றிய பின் கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக் கையால் திருத்துங்கள். இனி எழுதுவதைக் கைத்தொலைபேசியின் தமிழ் விசைப்பலகையிலேயே எழுதினால் இந்தத் தொல்லை வராது. இதற்குப் பயந்து விலைப்பட்டியலைப் படமாகப் போட்டுவிடாதீர்கள். மிளகாய் விலை ஏறும்போதெல்லாம் புதுப் படம் செய்துகொண்டிருக்க வேண்டும்.